வந்தோரும் வாராதோரும்: போதைச் சிகிச்சைப் புள்ளிவிவரங்கள் பற்றிய ஓர் ஆய்வு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

புள்ளியியல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன சராசரி, திட்ட விலக்கம், தேர்வுக்கு முந்தைய இரவு ஆகியவைதாம். ஆனால் எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதும் புள்ளியியலின் பின்பாதி மட்டுமே. ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதை எழுதியவர் யார், அது யாரை எண்ணியது, யாரை விட்டுவிட்டது என்று கேட்பது அதன் முன்பாதி. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் கற்பவன், விதை எது என்று பாராமல் அறுவடைக்கு அரிவாள் தீட்டுகிறவனுக்கு ஒப்பாவான்.

இவ்வுண்மையை விளக்கப் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தேடி வருவோரின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் பலர் தத்தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் அருகிலுள்ள அரியலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறோம். சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேருமுன் எங்கே கரைகிறது என்பதை நமக்குப் பாடநூல் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் நம் இரு மாவட்டங்களிலும் குடியாலும் பிற போதைப் பொருள்களாலும் நோயுற்று உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று கேட்டால், மருத்துவமனைப் பதிவேட்டைக் காட்டி விடை சொல்லிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவ்வாறு சொல்ல இயலாது என்பதும், அப்படியானால் அப்பதிவேட்டை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

சுருங்கச் சொன்னால், சிகிச்சைக் கணக்கு என்பது நோயுற்றோரின் கணக்கு அன்று. வாசலுக்கு வந்தோரின் கணக்கு.

எண் பிறக்கும் வழி

ஒரு மனிதன் பதிவேட்டில் ஓர் எண்ணாக மாறுவதற்கு முன் பல சல்லடைகளைக் கடக்க வேண்டும். முதலில், தன் குடி ஒரு நோய் என்று அவனோ அவன் குடும்பமோ உணர வேண்டும். நம் ஊர்களில் அது பெரும்பாலும் கெட்ட பழக்கமாகவோ தலையெழுத்தாகவோ கருதப்படுகிறதே ஒழிய நோயாகக் கருதப்படுவதில்லை. அடுத்து, சிகிச்சை என்ற ஒன்று உண்டு என்பது தெரிய வேண்டும். அதன் பின் வாசல் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அன்றைய கூலியை இழக்கத் துணிய வேண்டும். யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தை வெல்ல வேண்டும். இத்தனையும் கடந்து ஓ.பி. சீட்டு வாங்கி மருத்துவர் முன் அமர்ந்த பிறகும் கடைசிச் சல்லடை ஒன்று காத்திருக்கிறது. அவர் எழுதும் நோயின் பெயர்தான் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் போதைப் பொருள்களால் வரும் மனநலக் கோளாறுகளுக்கு எஃப் 10 முதல் எஃப் 19 வரையிலான குறியீடுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மது எஃப் 10. அபினி, ஹெராயின் வகை எஃப் 11. கஞ்சா எஃப் 12. புகையிலை எஃப் 17. ஆனால் செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ ஒருவர் வயிற்று வலி என்று வந்து, வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை வாங்கிச் சென்றால், அவருடைய குடி எந்தக் குறியீட்டிலும் ஏறாது. மஞ்சள் காமாலையாகவும், வாகன விபத்தாகவும், வலிப்பாகவும் அவர் மீண்டும் மீண்டும் வரலாம். மருத்துவமனை அவரைப் பலமுறை எண்ணியிருக்கும்; குடிநோயாளியாக ஒருமுறைகூட எண்ணியிருக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு திரிபும் உண்டு. அமெரிக்க மருத்துவப் புள்ளியியல் அறிஞர் ஜோசப் பெர்க்சன் 1946-ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினார். இரண்டு நோய்கள் உடையவனுக்கு மருத்துவமனைக்கு வர இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஆகவே மருத்துவமனைக்குள் மட்டும் எண்ணினால், வெளியுலகில் இல்லாத நெருக்கமான தொடர்பு அவ்விரு நோய்களுக்கும் இடையே இருப்பதுபோல் தோன்றும். எனவே சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளைப் பார்த்து எல்லாக் குடிநோயாளிகளும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவது பிழையாகும்.

சீட்டை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

வந்தோரை எண்ணுவதும் எளிதன்று. கணக்குக்காக ஒரு கற்பனைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் அதில் 100 சேர்க்கைகள் பதிவாகியிருக்கின்றன. பெயர், ஊர், வயது ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் அவை 62 பேருடைய சேர்க்கைகளே. சிலர் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறார்கள். அந்த 62 பேரிலும் 24 பேர் முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்கள். ஆக, வாழ்க்கையில் முதன்முறையாகச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 38 பேர்.

100, 62, 38 ஆகிய மூன்றும் சரியான விடைகளே. ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குரியவை. மருந்துக்கும் படுக்கைக்கும் செலவு எவ்வளவு என்று கேட்டால் 100 வேண்டும். எத்தனை பேர் பயன் பெற்றார்கள் என்றால் 62 வேண்டும். புதிதாக எத்தனை பேரை வாசல் ஈர்த்தது என்றால் 38 வேண்டும். ஓர் ஆண்டில் ஆளையும் மறு ஆண்டில் சீட்டையும் எண்ணி அறிக்கை அனுப்பினால், ஒருவர்கூடக் கூடாமலேயே 62 என்பது 100 ஆகி, 61 சதவீத உயர்வு ஏற்பட்டதாகத் தோன்றும்.

குடிநோய் மீண்டும் மீண்டும் தலைதூக்கும் நோய். சர்க்கரை நோயாளி திரும்பத் திரும்ப மருத்துவரிடம் வருவதை நாம் தோல்வி என்பதில்லை. ஆனால் குடிநோயாளி மறுபடி வந்தால் சிகிச்சை வீண் என்கிறோம். பதிவேட்டில் முதன்முறை வந்தோர், மீண்டும் வந்தோர் என்ற இரு பத்திகளைத் தனித்தனியே வைத்தால்தான் இந்த அநீதியான வாசிப்பைத் தவிர்க்க முடியும்.

ஐரோப்பிய நாடுகள் இதில் ஒரு பொது ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டன. லிஸ்பன் நகரிலுள்ள ஐரோப்பியப் போதைப் பொருள் கண்காணிப்பு மையமும் பாம்பிடு குழு என்னும் அமைப்பும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் சிகிச்சை நாடுவோர் கணக்கெடுப்புக்கான பொது விதிமுறைகளை வெளியிட்டன. ஓர் ஆண்டில் ஒருவரை ஒருமுறையே எண்ணுவது, முதன்முறை வந்தோரைப் பிரித்துக் காட்டுவது, முதன்மையான போதைப் பொருள் எது என்று குறிப்பது ஆகியவை அவற்றின் உயிர்நாடி.

எந்த மாவட்டத்தின் கணக்கு?

நம் இரு மாவட்டங்களும் புள்ளியியல் மாணவனுக்குக் கிடைத்த நல்ல பாடம். பெரம்பலூர் 1995-ல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டம் ஆயிற்று. பெரம்பலூர் மாவட்டம் என்ற ஒரே தலைப்பின் கீழ் 1995 முதல் இன்று வரை ஒரு வரைபடம் வரைந்தால், 2001-ல் ஒரு பள்ளமும் 2002-ல் ஒரு மேடும் 2007-க்குப் பின் மீண்டும் ஒரு பள்ளமும் தோன்றும். அவை நோயின் ஏற்ற இறக்கங்கள் அல்ல. எல்லைக் கோட்டின் நகர்வுகள்.

வகுக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 5,65,223. அரியலூரின் மக்கள் தொகை 7,54,894. இரண்டிலும் ஆளுக்கு நூறு பேர் சிகிச்சைக்கு வந்ததாக வைத்துக்கொண்டால், பெரம்பலூரில் இலட்சத்துக்குச் சுமார் 17.7 பேர், அரியலூரில் சுமார் 13.2 பேர் என்று ஆகும். எண்ணிக்கை ஒன்றுதான், வீதம் வேறு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறாததால், 2011-க்குப் பிந்தைய ஆண்டுகளின் வீதங்கள் பழைய தொகையையோ மதிப்பீட்டையோ கொண்டு வகுக்கப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடிக்காகச் சிகிச்சை பெறுகிறவன் அறிந்த முகம் இல்லாத ஊரையே நாடுவான். பெரம்பலூர்க்காரர் திருச்சிக்குப் பேருந்து ஏறுவார். ஜெயங்கொண்டத்துக்காரர் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ போவார். பதிவேட்டில் சிகிச்சை பெற்ற இடம் மட்டும் இருந்து, குடியிருக்கும் மாவட்டம் இல்லாவிட்டால், நம் நோயாளிகள் திருச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். திருச்சியில் நோய் மிகுதி, பெரம்பலூரில் குறைவு என்று அறிக்கை சொல்லும். பெரம்பலூருக்குத் தேவை குறைவு என்ற முடிவு அதிலிருந்து பிறக்கும். தேவை குறைவு என்பதால் வசதி வராது. வசதி வராததால் மக்கள் திருச்சிக்கே போவார்கள். இவ்வாறு எண் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும். இதைவிட ஆபத்தான எண் வேறில்லை.

ஏற்றம் எல்லாம் கேடா? இறக்கம் எல்லாம் நலமா?

சிகிச்சைக்கு வருவோர் தொகை உயர்ந்தால் போதை பரவுகிறது என்றும், குறைந்தால் ஒழிகிறது என்றும் சொல்வது பொது வழக்கம். இரண்டும் அவசர முடிவுகள்.

1980-ஆம் ஆண்டில் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனை நிறுவிக் குடிநோய்ச் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு முன் அத்தகைய தனி வாசல் அரிது. வாசல் இல்லாத காலத்துப் பதிவேட்டில் வந்தோர் எவரும் இல்லை என்பதால் அன்று குடிநோயாளிகள் இல்லை என்று கொள்ளலாமா? அதே நிறுவனம் பின்னர் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தது. நகரத்து வாசலுக்கு ஒருநாளும் வந்திராத உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் அங்கே கணக்கில் வந்தார்கள். நோய் அந்த வாரத்தில் பிறந்ததன்று; வாசல்தான் அந்த வாரத்தில் வந்தது.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. ஓர் ஊருக்கு மருத்துவக் கல்லூரி வந்தால் மனநல மருத்துவப் பிரிவும் மருத்துவர்களும் வருகிறார்கள், பதிவும் செம்மையாகிறது. அதன் பின் அவ்வட்டாரத்தில் எஃப் 10 என்ற குறியீடு மிகுதியாகக் காணப்படுமானால், அதை முதலில் நற்செய்தியாகவே ஆராய வேண்டும்.

கடைகளின் கதையும் இப்படியே. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 1983-ல் தோன்றியது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன. நெடுஞ்சாலையோரக் கடைகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2016 டிசம்பர்த் தீர்ப்பு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை-திருச்சி நெடுஞ்சாலை ஊடே செல்லும் பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கும் அது பொருந்தியது. கடை தொலைவானதும் சிலர் குடியைக் குறைக்கலாம். சிலர் கை நடுக்கமும் உறக்கமின்மையும் தாங்காமல் மருத்துவமனைக்கு வரலாம். சிலர் கள்ளச்சாராயத்தை நாடலாம். முதல் வகையினர் பதிவேட்டில் ஏறமாட்டார்கள். இரண்டாம் வகையினர் அதை உயர்த்துவார்கள். மூன்றாம் வகையினர் பிணவறைக் கணக்கிலும் சேரக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நச்சுச் சாராயத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது மதுக்கடைகள் மூடப்பட்டன, பேருந்துகளும் நின்றன. மதுவைத் திடீரென நிறுத்தியோரின் தேவை கூடியது. வாசலை அடையும் வழி அடைபட்டது. அந்த மாதங்களின் பதிவேட்டில் எண் குறைந்திருந்தால், எது அதைக் குறைத்தது என்பதைப் பதிவேடு மட்டும் சொல்லாது. பேருந்து கால அட்டவணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரே நாடு, இரண்டு கணக்குகள்

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. நடுவண் அரசின் சமூக நீதி அமைச்சகமும் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் அலுவலகமும் சேர்ந்து 2004-ல் ஓர் அறிக்கையை வெளியிட்டன. 2000, 2001 ஆண்டுகளில் திரட்டிய விவரங்கள் அதில் உள்ளன. அதன் ஒரு பகுதி வீடு வீடாகச் சென்று 12 முதல் 60 வயது வரையிலான 40,697 ஆண்களிடம் எடுத்த கணக்கு. இன்னொரு பகுதி 203 சிகிச்சை மையங்களுக்குப் புதிதாக வந்த 16,942 நோயாளிகளின் கணக்கு.

வீட்டுக் கணக்கில் அண்மைக் காலத்தில் மது அருந்தியோர் 21.4 சதவீதம், கஞ்சா 3.0 சதவீதம், அபினி வகை 0.7 சதவீதம். சிகிச்சைக்கு வந்தோர் கணக்கிலோ மது 43.9 சதவீதம், அபினி வகை 26 சதவீதம், கஞ்சா 11.6 சதவீதம். அதாவது வீட்டுக் கணக்கில் கடைசி இடத்தில் நின்ற அபினி வகை, சிகிச்சைக் கணக்கில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. சிகிச்சைச் சதவீதத்தை வீட்டுச் சதவீதத்தால் வகுத்தால் மதுவுக்கு 2, கஞ்சாவுக்கு 4, அபினி வகைக்கு 37 என்று தோராயமாக வருகிறது.

இரண்டு கணக்குகளில் எது பொய்? எதுவும் பொய்யன்று. அபினி வகைப் பொருள்கள் விரைவில் ஆளை அடிமைப்படுத்தும். நிறுத்தினால் வரும் வேதனை கடுமையானது. சட்டத்தின் பயமும் உண்டு. ஆகவே அதைப் பயன்படுத்துவோர் வாசலுக்கு வரும் வாய்ப்பு அதிகம். மது அருந்துவோரில் பலர் அடிமை நிலையை எட்டாதவர்கள். எட்டியவர்களும் பல ஆண்டுகள் கழித்தே வருவார்கள். மறுபுறம், வீட்டுக் கணக்கும் நிறைவானதன்று. தெருவில் உறங்குவோரும் சிறையில் இருப்போரும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் கிடைக்கமாட்டார்கள். பெண்களை அக்கணக்கு கேட்கவே இல்லை. ஒன்று எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்கிறது. மற்றொன்று யாருக்கு வலி பொறுக்க முடியாமல் போயிற்று என்று சொல்கிறது. முன்னதன் கேள்விக்குப் பின்னதன் எண்ணை விடையாகச் சொல்வதே பிழை.

வாராதோர் எத்தனை பேர்?

அடுத்த பெரிய கணக்கெடுப்பை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியிட்டது. 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குச் சென்று 10 முதல் 75 வயது வரையிலான 4,73,569 பேரிடம் கேட்டார்கள். நாட்டில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், சுமார் 16 கோடிப் பேர். அவர்களில் குடியால் தீங்குற்றோ அடிமைப்பட்டோ உதவி வேண்டி நிற்போர் 5.7 கோடிக்கு மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர் 38 பேரில் ஒருவர். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்.

இந்த 38-ஐச் சிறிது நேரம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பதிவேடுகள் எல்லாம் அந்த ஒருவரைப் பற்றியவை. அவர் வயது, தொழில், படிப்பு, மணமானவரா என்பதெல்லாம் தெரியும். மற்ற 37 பேரைப் பற்றி அவை பேசுவதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, குடிநோயுற்றோரில் சிகிச்சை பெறாதோர் சுமார் 86 சதவீதம் என்றது. 37-ஐ 38-ஆல் வகுத்தால் 97 சதவீதம் வருகிறது. வரையறையும் கேள்வியும் வயது வரம்பும் வேறானதால் எண்களும் வேறாயின. ஆனால் இரண்டும் ஒரே திசையையே காட்டுகின்றன. வாராதோரே பெரும்பான்மையோர்.

பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. 2019 அறிக்கையின்படி மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். ஒரு மாவட்டப் பதிவேட்டில் பெண்கள் பத்தியில் ஆண்டு முழுவதும் சுழியே இருந்தால், அச்சுழிக்கு இரு பொருள் உண்டு. நோயுற்ற பெண்ணே இல்லை என்பது ஒன்று. ஆண்கள் நிறைந்த வார்டுக்குள் நுழைய ஒரு பெண்ணும் துணியவில்லை என்பது மற்றொன்று. முதற்பொருளைக் கொண்டால் பெண்களுக்கெனத் தனி இடம் தேவையில்லை என்றாகும். இரண்டாம் பொருளைக் கொண்டால் அதுவே முதல் தேவை ஆகும். ஒரே சுழி, இரு நேரெதிர் தீர்ப்புகள்!

வாராதோரை எண்ண வழி உண்டா?

உண்டு, அதற்கு வந்தோரின் பதிவேடே அடிப்படை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரும் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆனால் 200 பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டுவிட்டு, சில நாள் கழித்து 150 பறவைகளைப் பிடித்துப் பார்த்ததில் 30 பறவைகளுக்கு வளையம் இருந்ததாகக் கொள்வோம். ஐந்தில் ஒன்றுக்கு வளையம் உண்டு; ஆகவே மொத்தம் 200 × 5 = 1,000 என்று மதிப்பிடலாம். பறவைக்குப் பதில் மனிதர். வளையத்துக்குப் பதில் மருத்துவமனைப் பட்டியல். இரண்டாவது பிடிப்புக்குப் பதில் இன்னொரு தனிப் பட்டியல்.

இம்முறையை மனிதக் கணக்குக்குச் செம்மைப்படுத்தியதில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர் சுகாதார மையப் பகுதியில் பிறப்பு, இறப்புப் பதிவேட்டையும் வீட்டு வாரியான பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டோரை மதிப்பிடும் வழியைச் சந்திரசேகரும் டெமிங்கும் 1949-ல் வெளியிட்டனர். பிற்காலத்தில் போதைப் பழக்கமுடையோர் போன்ற மறைந்திருக்கும் மக்களை மதிப்பிட இவ்வழி உலகெங்கும் பயன்பட்டது.

2019 கணக்கெடுப்பும் இதற்கு உறவான பெருக்கல் முறையைக் கையாண்டது. சட்டவிரோதப் போதைப் பொருள்களுக்கு அடிமையானோரை 135 மாவட்டங்களில் ஒருவர் மூலம் ஒருவராகக் கண்டு, சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்டார்கள். கணக்குக்காக, இருபதில் ஒருவர் ஆம் என்றதாகவும், அந்த மாவட்டச் சிகிச்சைப் பதிவேட்டில் 50 பேர் இருந்ததாகவும் கொள்வோம். மொத்தம் 50 × 20 = 1,000 பேர்.

இங்கேதான் பதிவேட்டின் பெருமையும் பொறுப்பும் தெரிகின்றன. ஆளுக்குப் பதில் சீட்டை எண்ணி 50-ஐ 80 என்று எழுதிவிட்டால், விடை 1,600 ஆகிவிடும். இல்லாத 600 பேர் தோன்றிவிடுவார்கள். இருபது பேரை வயிற்றுப் புண் என்று எழுதி 50-ஐ 30 ஆக்கிவிட்டால், விடை 600 ஆகும். இருக்கும் 400 பேர் மறைந்துபோவார்கள். ஓ.பி. சீட்டில் நேரும் ஒவ்வொரு பிழையும் இருபதால் பெருகித் தலைநகரை அடைகிறது.

இம்முறைகளுக்கு நிபந்தனைகளும் உண்டு. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். மருத்துவமனையே ஆட்களை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினால் இரண்டிலும் இருப்போர் மிகுவர், மதிப்பீடு குறையும். எல்லோருக்கும் பட்டியலில் விழும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். வயது, பால், ஊர் என்று ஒத்த குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டால் இக்குறை குறையும் என்பதே சந்திரசேகரும் டெமிங்கும் காட்டிய வழி.

நம்பிக்கையே முதல் கருவி

ஆளை அடையாளம் காணாமல் இருமுறை எண்ணுவதைத் தவிர்க்க முடியாது. அடையாளம் வெளியானால் ஆள் வரமாட்டார். இதுவே இத்துறையின் கடினமான முடிச்சு. பிரிட்டனில் 1968 முதல் 1997 வரை போதைக்கு அடிமையானோரைப் பெயருடன் உள்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு விதி இருந்தது. அப்பட்டியல் எத்தனையோ ஆய்வுகளுக்கு உதவியது. ஆயினும் 1997-ல் கைவிடப்பட்டது. அதன் பின் பெயரில்லாப் பதிவு முறைகளே அங்கு வழக்கிலுள்ளன. பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, பால் ஆகியவற்றைக் கொண்டு ஒரு குறியீடு அமைத்தால் ஆளையும் காக்கலாம், கணக்கையும் காக்கலாம்.

நம் சட்டமும் இதில் துணை நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கு ஆளான போதை அடிமை தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. இவ்விரண்டும் நம் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அத்தனை பேருக்கு வாசல் அருகில் வரும். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் அத்தகைய வாசலே. கூலியும் பேருந்தும் தேவைப்படாத வாசல்.

மாணவர் கடமை

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் ஊர்க் கணக்கெடுப்பு நடத்துகிறோம். திண்ணையில் பத்துப் பேர் கூடியிருக்க, "உங்கள் வீட்டில் குடிப்பவர் யார்?" என்று கேட்டு எழுதும் எண்ணுக்கு மதிப்பில்லை; அதனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் துன்பத்துக்கோ அளவில்லை. தனிமையும் பயிற்சியும் சம்மதமும் இல்லாத இடத்தில் அக்கேள்வியைக் கேளாதிருப்பதே முறை. அதற்குப் பதில், வாசல்களைக் கணக்கெடுக்கலாம். நம் ஊரிலிருந்து சிகிச்சை கிடைக்கும் இடம் எத்தனை கிலோமீட்டர்? போய்வர எவ்வளவு செலவு? எந்தக் கிழமையில் மருத்துவர் இருப்பார்? பெண்களுக்குத் தனி இடம் உண்டா? இக்கேள்விகள் யாரையும் புண்படுத்தா. பதிவேட்டின் எண்ணைச் சரியாகப் படிக்க இவ்விடைகள் இன்றியமையாதவை.

நாளை நம்மில் சிலர் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்திலோ சுகாதாரத் துறையிலோ எழுத்தராக, ஆய்வாளராக அமரக்கூடும். மாத அறிக்கையை நிரப்பும் வேளையில் ஐந்து கேள்விகளை மனத்தில் கொள்வோமாக: இது ஆளா, சீட்டா? முதன்முறையா, மறுமுறையா? எந்த மாவட்டத்தில் குடியிருப்பவர்? எந்தப் போதைப் பொருள்? சென்ற ஆண்டுக்கும் இவ்வாண்டுக்கும் இடையே வாசலில் என்ன மாற்றம்?

முடிவுரை

சிகிச்சைப் புள்ளிவிவரம் பயனற்றது என்று நான் கூறவில்லை. அது மிக மதிப்புள்ளது. அதன் மதிப்பு அதன் எல்லையை அறிந்தோர்க்கே விளங்கும். எண்ணிக்கை உயர்ந்த மாவட்டத்தைக் குடிகார மாவட்டம் என்று ஏசினால், அடுத்த ஆண்டு எண்ணைக் குறைத்துக் காட்டும் ஆசை பிறக்கும். குறைந்த மாவட்டத்தைப் பாராட்டி அங்குள்ள படுக்கைகளைக் குறைத்தால், வாராதோர் என்றைக்கும் வாராதோராகவே நின்றுவிடுவர்.

பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் வெட்கத்தையும் தொலைவையும் கூலி இழப்பையும் வென்று வந்த ஒரு மனிதர். அந்த வரிகளைப் பிழையின்றி எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அவருக்குப் பின்னால் வராமல் நிற்கும் முப்பத்தேழு பேரையும் நினைவில் வைத்து அவ்வரிகளைப் படிப்பது, நாம் கற்ற கல்விக்குச் செய்யும் மரியாதை.